உயிரில்லாத டாங்கியின் புகை

கல்யாண வீட்டுல நான் சாப்பிடறதே இல்லைங்க. பதினோரு வருஷம் கல்யாணப் படம் எடுத்திருக்கேன், எந்தப் பந்தியிலயும் கை நனைச்சதில்ல. படம் எடுக்கறவன் தட்டைக் கையில எடுத்தா, அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளையோட மாமா ஆட ஆரம்பிப்பார். அதை விட்டுட்டா ஆயுசுக்கும் திட்டு. அதனால வீட்டுக்கு வந்து ரொட்டியும் ஆலிவ் காயும் தின்னுட்டுப் படுத்துடுவேன். நீங்க வெச்ச பிஸ்கட்டை நான் தொடலைன்னு ஐயா தப்பா நினைக்க வேணாம். பேசி முடிச்சுட்டு எடுத்துக்கறேன்.

மொழிபெயர்க்கற தங்கச்சிக்கு ஒரு வார்த்தை. நான் நிதானமாத்தான் பேசுவேன், நீங்களும் கூட்டாம குறைக்காம சொல்லுங்க. இந்தப் போலீஸ் ஆபீசுக்கு என்னை யாரும் பிடிச்சுக்கிட்டு வரல, நானே ரயிலேறி வந்தேன். அதை முதல்லயே எழுதிக்கச் சொல்லுங்க.

என் பேர் நவ்ராஸ். ஹமா நகரத்துக்கு வடக்கே தல் ஹவ்ரா எங்க ஊர். பிஸ்தாத் தோப்பும் கோதுமையும்தான் அங்க எல்லாம். அரசாங்கத்தை எதிர்த்து ஊர் திரண்டு தெருவுக்கு வந்தப்போ ஊர்வலத்தைப் படம் எடுத்தேன். அப்புறம் ஊர்வலத்துல செத்தவங்களோட ஜனாஸா அடக்கத்தைப் படம் எடுத்தேன். அப்புறம் கல்யாணமே நின்னு போச்சு. அம்மா மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்தாங்க. ரெண்டு தம்பிங்களும் இந்த நாட்டுக்கு ஓடி வந்துட்டானுங்க. மாடி இடிஞ்ச வீட்டுல நான் ஒருத்தன். காலையில எழுந்து மதியம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாம இருந்த நாள் உண்டு, தொண்டை சரியா இருக்கான்னு பார்க்க நானே இருமிப் பார்ப்பேன்.

அப்போதான் அபு ஃபிராஸ் வந்தார். ராணுவத்தை எதிர்த்துச் சண்டை போட்ட எங்க ஊர்க் குழுவுக்குத் தலைவர், அதுக்கு முன்னாடி டிராக்டர் மெக்கானிக். வாசல்ல நின்னபடியே சொன்னார்.

"கேமரா இன்னும் இருக்கா, இல்ல வித்துத் தின்னுட்டியா?"

"இருக்கு."

"அப்போ கிளம்பு. வெளிநாட்டுக்காரன் டாங்கியை உடைக்கற ஏவுகணை தர்றான். ஆனா அவனுக்குச் சினிமா வேணுமாம்."

விஷயம் இதுதான். எல்லைக்கு அந்தப் பக்கம், துருக்கியில, ஒரு ஆபீஸ். நாங்க அதை 'அறை'ன்னு சொல்லுவோம். பல நாட்டுக்காரங்க உக்காந்திருப்பாங்க. எந்தக் குழுவுக்கு எத்தனை ஏவுகணைன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. ஒண்ணு சுட்டா அதோட வெத்துக் குழாயைத் திருப்பித் தரணும், சுட்ட படத்தையும் தரணும். படத்துல தேதி, இடம், குழுவோட பேர் மூணையும் படம் எடுக்கறவன் வாயால சொல்லணும். படம் இல்லைன்னா அடுத்தது கிடையாது. ஏவுகணையைக் கள்ளத்தனமா வித்துடக் கூடாதுங்கற பயம் அவங்களுக்கு. நியாயமான பயம்தான், நான் குத்தம் சொல்லல.

எங்க அணியில மூணு பேர். சுடறவன் சஃப்வான். குழாயை ஏத்தறவன் இயாத், பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரா இருந்த மனுஷன், ரொம்பப் பேச மாட்டார். படத்துக்கு நான். மூணு பேரும் என் வீட்டுலதான் தங்கினோம். கீழ ஒரு ரூம் நல்லா இருந்துச்சு.

சஃப்வானைப் பத்திச் சொல்லணும். என்னைவிட ஒன்பது வயசு சின்னவன். பருப்புக் கஞ்சி வெப்பான், சீரகத்தை அள்ளிக் கொட்டிடுவான். பாடினா கழுதைகூட எழுந்து போயிடும், ஆனா பாடிக்கிட்டே இருப்பான். என்னை "டைரக்டரே"ன்னு கூப்பிடுவான். காலையில கண்ணைத் திறந்தா அவன் குரல் முதல்ல கேக்கும். "டைரக்டரே, இன்னிக்கு என்ன சீன்?" அம்மா போனதுக்கப்புறம் என் வீட்டுல ஒரு மனுஷக் குரல் அப்படிக் கேட்டதே இல்ல. அந்த ஒன்றரை வருஷம் நான் சந்தோஷமா இருந்தேன். சண்டைக்கு நடுவுல சந்தோஷமா இருந்தேன்னு சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஆனா உண்மை அதுதான்.

நான் எடுத்த படம் அறையில நல்ல பேர் வாங்குச்சு. ஸாமின்னு ஒருத்தன் அங்கேருந்து போன்ல பேசுவான். அது அவன் சொந்தப் பேர் இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும், ஏட்டுல படிச்ச அரபியில பேசுவான். "உங்க ஆள் கை நடுங்கறதே இல்ல"ன்னு அபு ஃபிராஸ்கிட்ட சொல்லியிருக்கான். கல்யாணப் படம் எடுத்தவனுக்கு அது ஒண்ணும் பெரிசில்ல. எதைக் காட்டறதுங்கறதைவிட எதைக் காட்டாம விடறதுங்கறதுதான் எங்க தொழில். சண்டை போட்டுட்டுப் போன அத்தை, முதல் சம்சாரத்தோட அண்ணன், இவங்கெல்லாம் மண்டபத்துல இருப்பாங்க, படத்துல இருக்க மாட்டாங்க. யாருக்கும் சந்தேகமே வராது.

இப்போ நான் நிக்கற இடத்தைச் சொல்றேன், இது முக்கியம். சுடறவன் தோப்போட ஓரத்துல மண்மேட்டுக்குப் பின்னால இருப்பான். நான் அவனுக்கு வலது பக்கம் இருநூறு மீட்டர் தள்ளி, இடிஞ்ச பம்பு ஷெட்டுல. சுட்ட இடத்தை நோக்கி எதிரி திருப்பிச் சுடுவான், படம் எடுக்கறவனும் சேர்ந்து சாகக் கூடாது இல்லையா. அதனால ரெண்டு பேரும் ஒரே பொருளை வேற வேற கோணத்துல பார்ப்போம். அவன் பார்க்காத பக்கம் எனக்குத் தெரியும்.

எதிர்ச் சரிவுல, ரெண்டரை கிலோமீட்டர் தூரத்துல, கஃபர் நிஹால் கிராமம். ராணுவத்தோட பிடியில இருந்துச்சு. அந்தச் சரிவுல ஒரு டாங்கி நின்னுச்சு. போன கோடையில வேற ஒரு குழு அதை அடிச்சுட்டாங்க. உள்ளே எல்லாம் எரிஞ்சு போச்சு, வெளியே பார்த்தா முழுசா இருக்கும், பீரங்கிகூட எங்க பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும். அந்தக் குழு படம் எடுக்கல. படம் இல்லாததால அறையோட கணக்குல அந்த டாங்கி இன்னும் சாகல.

டாங்கிக்குப் பின்னால தினமும் ஒருத்தர் வருவார். அபு கைஸ். அந்தப் பக்கத் தோப்புக்காரர். மழைக்காலத்துல பிஸ்தா மரத்தைக் கழிச்சு விடணும், அந்தக் குச்சியெல்லாம் கட்டிக் கொண்டு வந்து டாங்கிக்குப் பின்னால போட்டு, காத்துக்கு மறைவா உக்காந்து கொளுத்தி டீ போடுவார். கருப்புக் கெட்டில், ஒரு கண்ணாடித் தம்ளர். எனக்கு அவரைத் தெரியும். சண்டைக்கு முந்தின வருஷம் அவர் பொண்ணு நஜாவோட கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். அன்னிக்கு அவர் மட்டும்தான் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னார். "நீயும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே, வயிறு இல்லையா உனக்கு"ன்னார். நான் மாட்டேன்னுட்டேன்.

பம்பு ஷெட்டுல காவல் இருக்கற நாள்ல லென்ஸ் வழியா அவரைப் பார்த்துக்கிட்டு இருப்பேன். அவர் தம்ளரைத் தூக்கறப்போ நானும் என் தம்ளரைத் தூக்குவேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னா சஃப்வான் கிண்டல் பண்ணியே கொன்னுடுவான்.

பிப்ரவரியில சண்டை நிறுத்தம் வந்துச்சு. நாற்பது நாள் ஒரு குண்டு விழல. ஊர்ல ஜனங்க துணி காயப்போட மொட்டை மாடிக்கு வந்தாங்க. எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு புதன்கிழமை அபு ஃபிராஸ் வந்து உக்காந்தார்.

"அறையிலேருந்து சொல்லிட்டாங்க. உங்க பக்கம் டாங்கி நகரவே இல்ல, அப்புறம் உங்களுக்கு எதுக்கு ஏவுகணைங்கறான். கையில இருக்கற ஒண்ணையும் ஞாயித்துக்கிழமை திருப்பிக் கொடுக்கணும். அணியைக் கலைச்சுடலாம்."

"டாங்கி நகர்ந்தா?" ன்னு கேட்டேன்.

"உயிரோட ஒரு டாங்கி முன்னேறி வந்து, நீ தற்காப்புக்கு அடிச்சு, அதைப் படத்துல காட்டினா அவங்க பட்டியல்ல நம்ம பேர் நிக்கும். எங்கேருந்து வரும் டாங்கி? அவனுங்களும் அங்க துணிதான் காயப்போடறானுங்க."

இயாத் தலையை ஆட்டினார். சஃப்வான் சிரிச்சான். அவன் சம்சாரம் சுஹைரும் குழந்தையும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாங்க. ஓடு செய்யற ஃபேக்டரியில அவனுக்கு வேலை பார்த்து வெச்சிருக்கா, வா வான்னு ஆறு மாசமா கூப்பிடறா. "அப்போ ஞாயித்துக்கிழமை நான் கிளம்பறேன் டைரக்டரே"ன்னான். "என் பொண்ணுக்குப் பல்லு முளைச்சிருச்சாம், நான் இன்னும் பார்க்கல." ரொம்ப சந்தோஷமாச் சொன்னான். அன்னிக்குக் கஞ்சியில சீரகம் சரியா இருந்துச்சு, அதுகூட எனக்குப் பொறுக்கல.

ஊருக்காக நினைச்சுப் பார்த்தேன். எங்க ஊர்ல ஐயாயிரம் பேர் இருந்தாங்க. ஏவுகணை போயிட்டா, சண்டை நிறுத்தம் முடிஞ்ச மறுநாளே டாங்கி உள்ளே வரும். தடுக்க எதுவும் இருக்காது. இதை நான் இப்போ ஜோடிச்சுச் சொல்லல, அப்பவும் இப்படித்தான் யோசிச்சேன். ஐயா இதைக் குறிச்சுக்கலாம்.

அடிக்கறதுக்கு ஒரு டாங்கி இருந்துச்சு. உயிர் மட்டும்தான் இல்ல. இன்ஜின் ஓடினா பின்னால புகை வரும். அந்தப் புகையைத் தினமும் ஒருத்தர் கொளுத்திக்கிட்டு இருந்தார்.

வியாழக்கிழமையே முடிச்சிடலாம்னு நினைச்சேன். மழை கொட்டிடுச்சு, அபு கைஸ் வரல. வெள்ளிக்கிழமை நல்ல வெயில். தொழுகை முடிஞ்சு பம்பு ஷெட்டுக்குப் போய் லென்ஸை வெச்சுப் பார்த்தேன். அவர் வந்திருந்தார். கூட ஒரு பொம்பளை. வெள்ளிக்கிழமை ஆச்சே, பொண்ணு அப்பாவைப் பார்க்க வந்திருக்கு. நஜா கொஞ்சம் பெருத்திருந்துச்சு, ஆனா நடையை வெச்சே கண்டுபிடிச்சேன், கல்யாணத்தன்னிக்கு அஞ்சு மணி நேரம் அந்த நடையைப் படம் எடுத்தவன் நான். அது மடியில மல்லோக் கீரை கிள்ளிப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. ஈரக் குச்சி, சரியாப் பத்தல. அவர் குனிஞ்சு ஊதிக்கிட்டு இருந்தார்.

நான் ரெக்கார்ட் போட்டேன். எதுக்குன்னு தெரியல, பழக்கம். நாலு நிமிஷம் எடுத்தேன். அதுல ரெண்டு தம்ளர் நல்லாத் தெரியும்.

ஈரக் குச்சிங்கறதால புகை கருப்பாக் கிளம்புச்சு. நான் நினைச்சதைவிட நல்லா வந்துச்சு. அதுக்கப்புறம் கேமராவை மடிச்சு எடுத்துக்கிட்டு, தோப்பு வழியா ஓடி சஃப்வான் பக்கத்துல போய் ஸ்டாண்டை நட்டேன். அங்கேருந்து பார்த்தா டாங்கியோட முகமும் பின்னால எழும்பற புகையும்தான் தெரியும். ஆள் தெரியாது. அதுக்காகத்தான் இடம் மாறினேன். இதையும் கூட்டாம குறைக்காம சொல்லுங்க தங்கச்சி.

சஃப்வானுக்கு ஆச்சரியம். "என்ன டைரக்டரே, இன்னிக்குப் பக்கத்துலயே வந்துட்டீங்க. சாகறதுன்னா சேர்ந்தேவா?"

"டாங்கி ஸ்டார்ட் ஆகியிருக்கு. புகையைப் பாரு."

குறி பார்க்கற குழல்ல கண்ணை வெச்சுப் பார்த்தான். "ஆமா டைரக்டரே. அது செத்த டாங்கின்னு இல்ல நினைச்சேன்."

"சரி பண்ணிட்டானுங்க போல."

"பின்னால ஆள் இருக்கா? நீங்க அந்தப் பக்கத்துலேருந்துதானே வர்றீங்க."

"ராணுவத்துக்காரங்க ரெண்டு பேர்" ன்னேன்.

வாக்கி டாக்கியில அபு ஃபிராஸ்கிட்ட அனுமதி கேட்டோம். அவரும் என் வார்த்தையைத்தான் நம்பினார். இயாத் குழாயை ஏத்தினார். நான் தேதியைச் சொன்னேன், இடத்தைச் சொன்னேன், குழுவோட பேரைச் சொன்னேன். குரல் தெளிவா இருந்துச்சுன்னு அப்புறம் ஸாமி சொன்னான்.

அந்த ஏவுகணை பின்னால ஒரு கம்பியை அவிழ்த்துக்கிட்டே போகும். போய்ச் சேர்ற வரைக்கும் சுடறவன் குறியை அங்கேயே பிடிச்சுக்கிட்டு இருக்கணும். ரெண்டரை கிலோமீட்டருக்குப் பதிமூணு விநாடி. அந்தப் பதிமூணு விநாடிக்குள்ள, அவன் தோளைத் தொட்டு வேணாம்டான்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கையைத் திருப்பி மண்ணுல இறக்கியிருப்பான். ரெண்டு தடவை முன்னாடி அப்படி இறக்கியிருக்கான், ஒரு தடவை குறுக்கே ஆட்டுமந்தை வந்துச்சுங்கறதுக்காக. அவன் அப்படிப்பட்ட ஆள். நான் அவன் மூச்சைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். அவ்வளவு பக்கத்துல நான் அதுவரைக்கும் நின்னதில்ல.

படம் நல்லா வந்துச்சு. சஃப்வான் எழுந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். அழுதான்னுகூடச் சொல்லலாம், நாற்பது நாள் கழிச்சு சுட்ட பதட்டம்.

அன்னிக்கே கஃபர் நிஹால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில செத்துப் போன ரெண்டு பேரோட பேரைச் சொன்னாங்க. காத்து எங்க பக்கம் வீசினா கேக்கும். சஃப்வான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தான். நான் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வெச்சேன்.

ஞாயித்துக்கிழமை யாரும் கிளம்பல. அடுத்த வாரம் ஆறு ஏவுகணை வந்துச்சு, அணி நின்னுச்சு. சஃப்வான் சுஹைருக்குப் போன் போட்டு, இன்னும் கொஞ்ச நாள்னு சொன்னான். அவ அந்தப் பக்கம் கத்தினது எனக்கே கேட்டுச்சு. எனக்கு அவன்மேல பாவமா இருந்துச்சு. அபு கைஸ் எனக்குத் தூரத்துத் துணை, சஃப்வான் பக்கத்துத் துணை. ரெண்டுல ஒண்ணுதான் மிஞ்சும்னா எவனும் பக்கத்துல இருக்கறதைத்தான் வெச்சுக்குவான். ஐயா, நீங்களும் அப்படித்தான் செய்வீங்க.

அந்த ஆறு என்னாச்சுன்னு கேக்கறீங்க. அஞ்சைக் கிழக்கே வேற குழு வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஒண்ணு என் வீட்டு மூலையிலயே கிடந்துச்சு. அதுமேல சஃப்வான் துணி காயப்போடுவான். ஊருக்குள்ள டாங்கி வந்தது மூணு வருஷம் கழிச்சு, அப்போ நாங்க யாருமே அங்க இல்ல. ஆக ஊருக்காக எதுவும் நடக்கலைன்னு நீங்க சொல்லலாம். நடக்கும்னு நினைச்சுத்தானே செஞ்சேன்.

சஃப்வான் நாலு மாசம் இருந்தான். ஒரு நாள் ரொட்டி வாங்கப் போறேன்னு போனவன் எல்லையைத் தாண்டிட்டான். போர்வையைக்கூட எடுத்துக்கல. என்கிட்டச் சொன்னா நான் ஏதாவது பண்ணித் தடுத்துடுவேன்னு நினைச்சானோ என்னவோ. இயாத் அவர் அக்கா வீட்டுக்குப் போனார். மறுபடி நான் ஒருத்தன், அந்த ரூம், அந்த ஒரு ஏவுகணை. பம்பு ஷெட்டுக்குப் போய் லென்ஸ்ல பார்த்தா எதிர்ச் சரிவுல யாரும் வர்றதில்ல. அப்போதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு எனக்கு. டீயை ஊத்திக் கையில வெச்சுக்கிட்டு, எப்போ குடிக்கறதுன்னே தெரியாம உக்காந்திருப்பேன்.

இங்க வந்து ஆறு வருஷமாச்சு. தம்பிங்க வேற ஊர்ல, பெருநாளுக்குப் போன் பண்ணுவானுங்க. ரெண்டு மாசம் முன்னாடிதான் சஃப்வானும் இதே நாட்டுல இருக்கான்னு தெரிஞ்சுது. என் ஊர்லேருந்து ரயில்ல அம்பது நிமிஷம். அவ்வளவு கிட்ட. போன் பண்ணேன், எடுக்கல. பதினாலு தடவை பண்ணேன். அப்புறம் நேராப் போயிட்டேன். சுஹைர்தான் கதவைத் திறந்தா. வீட்டுல இல்லைன்னா. பழசையெல்லாம் நினைக்க வேணாம்னு அவர் முடிவு பண்ணிட்டார், கோவிச்சுக்காதீங்க அண்ணேன்னா. வாசல்ல அவன் செருப்பு இருந்துச்சு. உள்ளே யாரோ பாடிக்கிட்டு இருந்தாங்க, என் குரலைக் கேட்டதும் நிறுத்திட்டாங்க. பாட்டு வராதவன் குரல் அது, எனக்குத் தெரியாதா.

அதுக்கப்புறம்தான் என் மனசாட்சி என்னைத் தூங்க விடல. செத்தது ரெண்டு அப்பாவி ஜனங்க, அதை இனிமேலும் மறைக்கக் கூடாதுன்னு தோணுச்சு. ரெண்டு படமும் இந்தக் கார்டுல இருக்கு. அறைக்குக் கொடுத்தது ஒண்ணு, பம்பு ஷெட்டுலேருந்து எடுத்த நாலு நிமிஷம் ஒண்ணு. நான் பொய் சொன்னேன், தெரிஞ்சே சொன்னேன், அபு கைஸையும் நஜாவையும் கொன்னது நான்தான். இதுல எந்த மாத்தமும் இல்ல.

ஆனா சுட்டது சஃப்வானோட கை. அவனுக்கு இன்னிக்கு வரைக்கும் எதுவும் தெரியாது, ராணுவத்துக்காரங்களைத்தான் அடிச்சோம்னு நினைச்சுக்கிட்டு இருக்கான். தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவான், ஆட்டுக்கே கையைத் திருப்பினவன். இருந்தாலும் சட்டம்னு ஒண்ணு இருக்கே. என் வாக்குமூலத்தை மட்டும் வெச்சு நீங்க முடிக்க முடியாது, அவனையும் கூப்பிட்டு விசாரிச்சுத்தானே ஆகணும். போன்ல கேட்டா எடுக்க மாட்டான், ஆள் அனுப்பிக் கூட்டிக்கிட்டு வாங்க. விலாசம் எழுதிக் கொண்டு வந்திருக்கேன், கதவு இலக்கம்கூடப் போட்டிருக்கேன். அவனை என்னைக்குக் கூப்பிடறீங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க, அன்னிக்கு நான் காலையிலயே வந்துடறேன். எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துலதானே உக்கார வைப்பீங்க?